ஐவரியா, ஆஷ் வைட்டா? கொழும்பு வீட்டுச் சுவருக்கு எது பொருந்தும்

தைப்பொங்கலுக்கு முன் வீட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மார்கழியில் கேட்கும் கேள்வி அநேகமாக ஒன்றுதான். கலர் காட்டை (பெயின்ட் கடையின் நிற அட்டையை) புரட்டி, நீலம் வேண்டாம், பச்சை வேண்டாம் என்று கழித்துக்கொண்டே வந்து, கடைசியில் இரண்டு வெளிர் நிறங்களில் வந்து நிற்பார்கள். ஒன்று ஐவரி; வெள்ளைக்குள் கொஞ்சம் மஞ்சள். மற்றது எல்லோரும் ஆஷ் வைட் என்று சொல்வது. வெள்ளைக்குள் கொஞ்சம் சாம்பல். கடை வெளிச்சத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது. "எதை அடிச்சா என்ன, ரெண்டும் வெள்ளைதானே" என்று பெயின்ட் அடிக்கும் பாஸும் சொல்லிவிடுவார்.

நாலு சுவரிலும் ஏறியபின் அப்படிச் சொல்ல மாட்டார். வெளிர் நிறம் பக்கத்தில் இருப்பதை எல்லாம் வாங்கிக்கொள்ளும். தரையின் சிவப்பு, எதிர்வீட்டுச் சுவரின் பச்சை, பல்பின் நீலம் எல்லாம் அதில் ஏறும். அதனால் எந்த நிறம் வடிவு என்று கேட்பதை விட, உங்கள் வீட்டில் மாற்ற முடியாதது எது என்று முதலில் கேளுங்கள். தரை, கதவு, யன்னல் பார்க்கும் திசை, எதிரே நிற்கும் கட்டிடம். பாதி முடிவை அவை ஏற்கெனவே எடுத்துவிட்டன.

## எதை வைத்து அளப்பது

முதலாவது வெளிச்சம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறான ஆலோசனை அதிகம் வருவது இங்கேதான். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பா தன் வீட்டு ஹோலைப் படம் எடுத்து அனுப்புவார். அங்கே ஆஷ் வைட் அவ்வளவு வடிவாக இருக்கும். இணையத்தில் தேடினால் "வடக்குப் பார்த்த அறைக்கு மஞ்சள் சாய்வுள்ள வெள்ளை, தெற்குப் பார்த்த அறைக்குச் சாம்பல் சாய்வுள்ள வெள்ளை" என்று போட்டிருக்கும். அந்த விதி லண்டனுக்கும் டொரொன்டோவுக்கும் எழுதப்பட்டது. அங்கே வடக்கு யன்னலுக்குள் நேர் வெயில் வருவது அரிது.

கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வரும், அப்புறம் வடக்குப் பக்கம் சாயும். செப்டெம்பர் தொடக்கத்தில் மறுபடி தலைக்கு மேலே வந்து தெற்குப் பக்கம் போகும். ஆகவே வடக்குச் சுவருக்கும் வருடத்தில் பல மாதம் வெயில் உண்டு. நமக்கு வடக்கு, தெற்கை விடக் கிழக்கும் மேற்கும்தான் முக்கியம். காலை வெயில் விழும் அறையா, பின்னேர வெயில் விழும் அறையா, இரண்டும் இல்லாத அறையா என்று பார்த்தால் போதும்.

வெள்ளவத்தையை எடுத்துக்கொள்ளுங்கள். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் வீதிகள் கிழக்கு மேற்காக ஓடுகின்றன. அதனால் அந்த வீதிகளில் இருக்கும் தொடர்மாடிகளின் முகப்பு வடக்கோ தெற்கோ பார்த்தபடி இருக்கும். எதிரே அதே உயரத்தில் இன்னொரு தொடர்மாடி. இப்படியான வீட்டின் ஹோலுக்கு வருவது பெரும்பாலும் எதிர்க் கட்டிடத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சம். அந்தக் கட்டிடம் என்ன நிறமோ அதில் ஒரு சாயல் உங்கள் சுவரிலும் விழும். மரைன் டிரைவ் பக்கம் மேற்குப் பார்த்த வீட்டுக்குக் கதை வேறு. நாலு மணிக்குப் பிறகு வெயில் நேராக உள்ளே வரும், அதுவும் ஆரஞ்சு கலந்த வெயில்.

இரண்டாவது, தரையும் மரமும். சுவருக்கு அடுத்தபடி அறையில் பெரிய பரப்பு தரைதான். பட்ட வெளிச்சத்தை அது மேலே அனுப்பும்.

மூன்றாவது பல்ப். நம் வீடுகளில் அதிகம் எரிவது 6,500 கெல்வின் டேலைட் எல்.ஈ.டி. வோம் வைட் என்று விற்கும் 3,000 கெல்வின் பல்பைச் சிலர் ஹோலுக்கு மட்டும் போடுவார்கள். கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலப் பக்கம் போகும், குறைந்தால் மஞ்சள் பக்கம். இரவில் சுவரின் நிறத்தை முடிவு செய்வது இந்த எண்தான்.

நாலாவது அழுக்கு, கறை, பின்னால் வரும் சில்லறைத் திருத்தங்கள். ஐந்தாவது செலவு. டின்னின் விலை இரண்டு நிறத்துக்கும் ஒன்றுதான். ஆனால் வேலை முடியும்போது செலவு ஒன்றாக இருப்பதில்லை.

பளபளப்பையும் ஈரக் கசிவையும் நான் இதில் சேர்க்கவில்லை. எந்த நிறம் அடித்தாலும் மழைத் தண்ணீர் இறங்கும் சுவரில் பூஞ்சணம் வரத்தான் செய்யும். கசிவை முதலில் அடையுங்கள், பிறகு நிறத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

## ஐவரி

கடையில் டின்னைத் திறந்து நிறம் கலக்கும் மெஷினுக்குக் கீழே வைக்கும்போது எட்டிப் பாருங்கள். டின்னில் இருக்கும் வெள்ளை அடிப் பெயின்டின் மேல் காவி கலந்த மஞ்சள் மை மெல்லிய நூலாக இறங்கும். சில வேளை கறுப்பு ஒரு சொட்டும் சேரும். நாலு லீற்றர் டின்னுக்கு அவ்வளவுதான். அந்த மஞ்சள் பெரும்பாலும் இரும்பு ஒக்சைட். வெயிலுக்கும் சுண்ணாம்புக்கும் அசையாத சரக்கு அது. எலுமிச்சை பக்கம் சாயும் பளிச்சென்ற ஐவரிகளில் வேறு வகை மஞ்சள் போகும்; அதில் சில வகை வெயிலில் மங்கும், புதுச் சீமெந்துப் பூச்சின் காரத்துக்கும் தாங்காது. ஐவரி எடுப்பதாக முடிவு செய்தால் காவிப் பக்கம் சாய்ந்ததை எடுங்கள்.

வெளிச்சம் குறைந்த அறையில் ஐவரிக்கு ஈடு இல்லை. எதிர்க் கட்டிடம் மறைக்கும் ஹோல், கட்டிடத்துக்கு நடுவில் விட்ட காற்று வெளியை மட்டும் பார்த்த யன்னல் உள்ள உள்ளறை, படிக்கட்டு, நடை, இப்படியான இடங்களில் அது செத்துப்போகாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வானம் மூடிக் கிடக்கும்போதும் அறையில் ஒரு கதகதப்பு மிஞ்சும். தேக்கங் கதவு, பலா மரத்து அலுமாரி, கருங்காலிச் சாயம் ஏற்றிய கதிரை, எல்லாவற்றோடும் சண்டையில்லாமல் நிற்கும். சாமி அறைக்கும் நான் ஐவரியைத்தான் சொல்வேன். எண்ணெய் விளக்கு வெளிச்சம் அதில் விழும்போது சுவரே ஒளிர்வதாகத் தெரியும்.

அதன் பலவீனம் மேற்கு வெயில். மாலை நாலரைக்கு, ஏற்கெனவே ஆரஞ்சாக வரும் வெயில் மஞ்சள் கலந்த சுவரில் பட்டு, எதிர்ச் சுவருக்குப் போய், அங்கிருந்து திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் மஞ்சள் கொஞ்சம் கூடும். அட்டையில் மெல்லிய ஐவரியாக இருந்தது அறைக்குள் பட்டர் மஞ்சளாக நிற்கும். 3,000 கெல்வின் பல்பும் இதையே செய்யும். 6,500 கெல்வின் பல்புக்குக் கீழே வேறு சிக்கல்: சில ஐவரிகளில் ஒரு பச்சைச் சாயல் எழும்பும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பக்கத்தில் இது நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. பளீர் வெள்ளைப் பொருளுக்குப் பக்கத்தில் ஐவரி பழசாகத் தெரியும். பவுடர் கோட்டிங் போட்ட வெள்ளை அலுமினிய யன்னல், நீலச் சாயல் உள்ள வெள்ளை போர்சலின் டைல், குசினியில் புது வெள்ளைப் பான்ட்ரி கபர்ட் இருந்தால் யோசியுங்கள். வந்தவர்கள் "எப்ப கடைசியா பெயின்ட் அடிச்சனீங்க" என்று கேட்பார்கள்.

## ஆஷ் வைட்

இதில் கறுப்பு மை இறங்கும், கூடவே நீலமோ, பச்சையோ, ஊதாவோ, மண்ணிறமோ ஒரு துளி. அந்த ஒரு துளிதான் இந்த நிறத்தின் முழுச் சங்கதியும். பெயர்ப் பட்டியலில் பத்து ஆஷ் வைட் இருந்தாலும், நீலம் சாய்ந்தது, பச்சை சாய்ந்தது, ஊதா சாய்ந்தது, மண்ணிறம் சாய்ந்தது என்று நாலு குடும்பத்துக்குள் அடங்கிவிடும். எது எந்தக் குடும்பம் என்று அறிய நல்ல வழி ஒன்று இருக்கிறது. கலர் காட்டில் அதே வரிசையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அங்கே அடர் நிறம் இருக்கும். அது கடல் நீலமா, பாசிப் பச்சையா, கத்தரிப்பூவா என்று பார்த்தால் மேலே உள்ள வெளிர் கட்டத்துக்குள் ஒளிந்திருப்பது தெரிந்துவிடும். அட்டையை ஒரு ஏ4 தாளின் மேல் வைத்துப் பார்ப்பதும் உதவும்.

மேற்கு வெயில் வரும் வீட்டுக்கு ஆஷ் வைட் நன்றாக வேலை செய்யும். பின்னேரத்து ஆரஞ்சை அதன் சாம்பல் கொஞ்சம் அடக்கும். சுவர் மெல்லிய பழுப்பு வெள்ளையாக அமைதியாக நிற்கும். கடல் பக்கம் பெரிய யன்னல், வெளிர் சாம்பல் டைல், அலுமினியச் சட்டம், வெள்ளை சீலிங் என்று கட்டப்படும் இப்போதைய தொடர்மாடிகளுக்கு இது இயல்பாகப் பொருந்தும். வோம் வைட் பல்பின் கீழும் அளவோடு இருக்கும். காலி வீதியின் புகையும் ரயில் பாதைப் பக்கத்துத் தூசும் படியும் வீட்டில், யன்னல் விளிம்பைச் சுற்றி வரும் சாம்பல் படிவு இதில் சீக்கிரம் கண்ணில் படாது.

ஆனால் வெளிச்சம் இல்லாத அறையில் ஆஷ் வைட்டை அடிக்காதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். பட்டுத் திரும்பிய வெளிச்சம் மட்டும் வரும் இடத்தில், வெள்ளை மறைந்து சாம்பல் மட்டும் மிஞ்சும். பெயின்ட் இன்னும் அடிக்காத சீமெந்துப் பூச்சுப் போலத் தெரியும். அதைச் சரிப்படுத்தப் பகலிலும் டேலைட் பல்பு போடுவார்கள், உடனே நீலம் ஏறும். அந்த அறையில் இருந்து படிக்கிற பிள்ளைக்கும், நாள் முழுக்கக் கட்டிலில் இருக்கிற அம்மம்மாவுக்கும் அது நல்லதில்லை.

சிவப்புச் சீமெந்துத் தரைக்கும் இது ஒத்துவராது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் அந்தத் தரை மினுமினுவென்று இருக்கிறது. தரையின் சிவப்பு சுவரின் அடிப்பகுதியில் ஏறும்போது ஐவரி பீச் நிறத்துக்குப் போகும், அது கண்ணுக்கு இதம். ஆஷ் வைட் ஒரு ஊதா கலந்த இளஞ்சிவப்புக்குப் போகும். மேல் பாதி சாம்பல், கீழ்ப் பாதி ஊதா.

## ஒரு பார்வையில்

| எதை வைத்து | ஐவரி | ஆஷ் வைட் |
|---|---|---|
| பின்னேர வெயில் நேரே வரும் அறை | மஞ்சள் மிகும் | அமைதியாக நிற்கும் |
| வெளிச்சம் குறைந்த உள்ளறை | கதகதப்பு மிஞ்சும் | இருண்டு, மங்கும் |
| 6,500 கெல்வின் பல்ப் | சிலதில் பச்சைச் சாயல் | நீலம் ஏறும் |
| 3,000 கெல்வின் பல்ப் | பட்டர் மஞ்சள் பக்கம் போகும் | அளவாக இருக்கும் |
| சிவப்புச் சீமெந்துத் தரை, தேக்கு, பலா | நன்று | பொருந்தாது |
| சாம்பல் டைல், வெள்ளை அலுமினியம் | பழசாகத் தெரியும் | நன்று |
| தாளிப்புப் புகை, எண்ணெய்ப் படிவு | மறைக்கும் | காட்டிக்கொடுக்கும் |
| வீதித் தூசு, புகைக்கரி | காட்டிக்கொடுக்கும் | ஓரளவு மறைக்கும் |
| பழைய கிறீம் சுவருக்கு மேல் | பெரும்பாலும் 2 கோட் | 3 கோட் வரை போகலாம் |

## டின்னில் எழுதாத செலவுகள்

மூன்றாவது கோட்டிலிருந்து, அதாவது மூன்றாம் தடவை அடிப்பதிலிருந்து, தொடங்குவோம். நம் பழைய வீடுகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே கிறீம் அல்லது இளமஞ்சள். அதன்மேல் ஐவரி அடித்தால் இரண்டு கோட்டில் முடிந்துவிடும். ஆஷ் வைட் அடித்தால் அடியிலுள்ள மஞ்சள் முட்டிக்கொண்டு தெரியும். சாம்பலும் மஞ்சளும் சேர்ந்து ஒரு பாசி நிறம் காட்டும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 அடிக்கு 10 அடி அறை, உயரம் 10 அடி என்றால் நாலு சுவரும் 440 சதுர அடி. கதவு, யன்னலுக்கு 60 கழித்தால் 380, அதாவது ஏறக்குறைய 35 சதுர மீற்றர். ஒரு லீற்றர் 10 சதுர மீற்றருக்கு வரும் என்று வைத்தால் இரண்டு கோட்டுக்கு 7 லீற்றர். மூன்றாவது கோட் இன்னும் மூன்றரை லீற்றர் கேட்கும், பாஸின் நாட்சம்பளம் வேறு. சதுர அடிக் கணக்கில் பேசியிருந்தால் எத்தனை கோட் என்று முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டோடு கையைக் கழுவிவிடுவார்கள். வெள்ளை பிரைமர் (அடிப்பூச்சு) ஒரு கோட் முதலில் அடித்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும், ஆனால் அதற்கும் காசுதான்.

அடுத்தது வெள்ளை எனமல் அடித்த கதவு நிலைகள். எண்ணெய் அடிப்படையிலான வெள்ளை எனமல், வெயில் படாத இடத்தில் காலப்போக்கில் மஞ்சளாகும். இது பெயின்டின் குணம், யாருடைய குறையும் இல்லை. ஐவரிச் சுவருக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் ஒருவர் கண்ணிலும் படாது. ஆஷ் வைட் சுவருக்குப் பக்கத்தில் பளிச்சென்று தெரியும். ஆகவே ஆஷ் வைட் என்றால் நிலைகளையும் கதவுகளையும் தண்ணீர் அடிப்படையிலான எனமலில் திருப்பி அடிக்கும் செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஐவரியின் மறைசெலவு சீலிங்கில் இருக்கிறது. பளீர் வெள்ளை சீலிங்குக்குக் கீழே ஐவரிச் சுவர் வந்தால், சந்திக்கும் கோட்டில் சுவர் இன்னும் மஞ்சளாகத் தெரியும். சுவர் நிறத்தையே பாதிச் செறிவில் கலக்கச் சொல்லி சீலிங்குக்கு அடித்தால் அழகாக ஒத்துப்போகும், ஆனால் சீலிங்கை அடிக்கும் எண்ணமே இல்லாதவருக்கு அது புதுச் செலவு.

குசினியைப் பற்றி ஒரு வார்த்தை. தாளிக்கும் எண்ணெய்ப் புகை மெல்லப் படிந்து சுவரைப் பழுப்பாக்கும். ஐவரியில் அது தெரிய நாளாகும். மஞ்சள் தூள் கறை தெறித்தால் பயப்பட வேண்டாம், வெளிச்சம் பட்டால் அந்த மஞ்சள் தானே மங்கும், எண்ணெய்தான் போகாது. குசினிக்கு எந்த நிறமானாலும் கழுவக்கூடிய, மெல்லிய பளபளப்புள்ள சில்க் வகையை எடுங்கள்.

இரண்டு நிறத்துக்கும் பொதுவான ஒன்று: மெஷினில் கலந்த பெயின்டைக் கடை திருப்பி எடுக்காது. பழைய சோனகத் தெருவில் வாங்கினாலும் உங்கள் சந்தியில் இருக்கும் ஹாட்வெயாரில் வாங்கினாலும் அப்படித்தான்.

## யாருக்கு எது

கிழக்குப் பார்த்த வீடு, அல்லது எதிர்க் கட்டிடம் மறைக்கும் வீடு, தரை சிவப்புச் சீமெந்து அல்லது பழுப்பு டைல், மரக் கதவு: ஐவரி. யோசிக்க ஒன்றுமில்லை.

கடல் பக்கம் திறந்த மேல் மாடி, சாம்பல் அல்லது வெள்ளை டைல், மரம் குறைவு, பல்புகளை வோம் வைட்டுக்கு மாற்றத் தயார்: ஆஷ் வைட். அதிலும் மண்ணிறம் சாய்ந்ததை எடுங்கள். நீலம் சாய்ந்தது கொழும்பின் மூடிய வானத்துக்குக் கொஞ்சம் குளிர்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். போகும்போது வெள்ளையடித்துக் கொடுக்கச் சொல்வார் என்றால், வெள்ளை கோட் சுலபமாக மறைப்பது வெளிர் ஆஷ் வைட்டைத்தான். விற்பதற்காக அடிக்கிறவர்களும் தரையைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். வாங்க வருகிறவர் தரையையும் சுவரையும் ஒரே பார்வையில்தான் பார்ப்பார்.

ஒரே வீட்டில் இரண்டையும் அடிக்கலாமா என்று கேட்கிறார்கள். கதவு மூடும் அறைகளுக்கு அடிக்கலாம். ஹோலும் சாப்பாட்டு அறையும் ஒன்றாகத் திறந்திருக்கும் இடத்தில் வேண்டாம். இரண்டும் பக்கத்தில் வந்தால் ஐவரி அதிக மஞ்சளாகவும் ஆஷ் அதிக நீலமாகவும் தெரியும்.

இரண்டு பக்கமும் சமமாக நிற்கும் வீடு என்றால் என் வாக்கு ஐவரிக்கு. கொழும்பில் எதிரே புதுக் கட்டிடம் எப்போது எழும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. எழும்பினால் முதலில் போவது வெளிச்சம். குறைந்த வெளிச்சத்தைத் தாங்குவது ஐவரிதான்.

## வாங்குவதற்கு முன்

இரண்டிலும் ஒவ்வொரு லீற்றர் கலந்து வாங்குங்கள். புத்தகக் கடையில் வெள்ளை பிறிஸ்டல் போட் (தடித்த அட்டை) நாலு எடுத்து, ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு போட்டில், ஓரம்வரை, இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஓரத்தில் வெள்ளை விட்டால் கண் ஏமாறும். ஈரத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், எமல்ஷன் (தண்ணீரில் கரையும் சுவர்ப் பெயின்ட்) காயும்போது நிறம் கொஞ்சம் மாறும்.

பிறகு ஒரே நிறத்து இரண்டு போட்டையும் அறை மூலையில், சுவருக்கு ஒன்றாக ஒட்டுங்கள். இரண்டு சுவரும் ஒன்றுக்கொன்று நிறத்தை அனுப்புவது மூலையில்தான் தெரியும். பழைய சுவரின் நிறம் பக்கத்தில் தெரிந்தால் சுற்றிவர வெள்ளைத் தாள் ஒட்டி மறையுங்கள். காலை ஏழு மணிக்கு, நண்பகலில், பின்னேரம் ஐந்து மணிக்கு, இரவில் பல்ப் போட்டு என்று நாலு தடவை பாருங்கள். அப்புறம் அடுத்த நிறத்தை அதே மூலையில் ஒட்டுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் ஒன்றை ஒன்று கெடுக்கும். மழை நாள் ஒன்றிலும் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

புதுப் பூச்சுச் சுவர் என்றால் குறைந்தது நாலு வாரம் காயவிட்டு, காரம் தாங்கும் பிரைமர் அடித்த பிறகே நிறம். எத்தனை டின் வாங்கினாலும் ஒரே நாளில் ஒரே கடையில் கலந்து வாங்கி, அடிக்க முன் எல்லாவற்றையும் பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கச் சொல்லுங்கள். இவ்வளவு வெளிர் நிறத்தில் ஒரு சொட்டு மை கூடினாலும் அடுத்த டின் தொடங்கிய இடம் சுவரில் கோடாகத் தெரியும். மூடியில் ஒட்டியிருக்கும் கலவை எண் ஸ்டிக்கரை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தில் அரை லீற்றரை இறுக்கி மூடிய போத்தலில், வெயில் படாத இடத்தில் வையுங்கள். சுவிட்சைச் சுற்றி வரும் கைத்தடத்துக்கும், அலுமாரி நகர்த்தும்போது விழும் கீறலுக்கும் அது போதும்.